மலைச்சரிவு யாட்டில் எடைப்பாலம்: எங்கே, எவ்வளவு பெரிது, எப்போது?

கேள்வி: ஐயா, தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு களஞ்சிய யாட்டில் மேற்பார்வை செய்கிறேன். தொழிற்சாலைகளுக்கு விறகு, தோட்டங்களுக்கு உரம், சிறு தோட்டக்காரர்களின் தேயிலைக் கொழுந்து என்று ஒரு நாளைக்கு 25, 30 வாகனங்கள் வந்து போகும். இப்போது 14 கிலோமீற்றர் தள்ளி இன்னொருவரின் எடைப்பாலத்தில் நிறுத்துவிட்டுத்தான் லொறிகள் இங்கே வருகின்றன. ஒரே சுமை இரண்டு இடத்தில் 60 கிலோ வித்தியாசம் காட்டியதில் விறகுக்காரர்களோடு சண்டையே வந்துவிட்டது. அதனால் முதலாளி சொந்தமாக எடைப்பாலம் போட முடிவு செய்திருக்கிறார். 18 மீற்றர் நீளம், 60 தொன் கொள்ளளவு, கேட்டுக்குப் பக்கத்தில் என்பது அவர் எண்ணம். எங்கள் யாட் 55 மீற்றர் நீளம், மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம். கேட் இருக்கும் கீழ்ப்பக்கம் ஆறு வருடத்துக்கு முன் மண் கொட்டி நிரப்பியது. மேல்பக்கம் வெட்டிய மண்சுவர். குழி வெட்டி வைப்பதா, தரைக்கு மேலே வைப்பதா? வேலையை நிறுத்தாமல் கட்ட முடியுமா? எங்களிடம் உள்ள 2 தொன் மேடைத் தராசை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, கீழ்ப்பக்கம் நிரப்பிய மண் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். முதலாளியிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதுதான்: எடைப்பாலத்தைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

மலையை வெட்டி யாட் அமைக்கும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைத்தான் கீழ்ப்பக்கம் தள்ளி நிரப்புவோம். பார்வைக்கு இரண்டும் ஒரே தரைதான். வெட்டிய பக்கத்து மண்ணை மலை பல்லாயிரம் வருடம் அழுத்தி வைத்திருக்கிறது. நிரப்பிய மண்ணோ ஆறு வருடமாகத்தான் அங்கே இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணக் களஞ்சியத்துக்கு 10 மில்லிமீற்றர் இறக்கம் சுவரில் ஒரு வெடிப்பு, பூசி மறைத்துவிடலாம். எடைப்பாலம் அப்படியில்லை. லொறி ஏறி நிற்கும் தளத்தின் அடியில் ஆறு அல்லது எட்டு லோட் செல்கள், அதாவது எடையை உணரும் கருவிகள், சுமையைப் பங்குபோட்டுத் தாங்குகின்றன. ஒரு மூலை இறங்கினால் தளம் முறுகி உட்காரும், ஒரு செல்லில் சுமை குறையும், அடுத்ததில் கூடும். லொறி முன்னால் நின்றால் ஒரு எடை, பின்னால் நின்றால் இன்னொரு எடை என்று காட்டத் தொடங்கும்.

அதைவிட மோசம், பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் வைப்பது. இடம் நடுவாக இருக்கிறது, வசதியாக இருக்கிறது என்று அப்படி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பி கட்டினாலும் அந்த எல்லைக்கோட்டில்தான் அத்திவாரம் உடையும்.

ஆகவே மேல்பக்கம், வெட்டிய மண்ணில், யாட்டின் நீளவாக்கில் வையுங்கள். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கொங்கிரீட் போடக்கூடாது. பல வருடங்களுக்கு முன் மஸ்கெலியாப் பக்கம் ஒரு வேலை. ஒரு முனையில் ஒன்றரை மீற்றர் தோண்டியதும் பாறை தட்டியது. பாறையில் உட்கார்ந்தால் இனி அசையாது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இரண்டு தென்மேற்குப் பருவமழை போனபிறகு அந்த முனை அப்படியே நின்றது, மறுமுனை 11 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. தோண்டிப் பார்த்தால் நாங்கள் நம்பியது தாய்ப்பாறையே இல்லை. எப்போதோ மேலே இருந்து உருண்டு வந்து மண்ணுக்குள் புதைந்த ஒரு பெரிய கல். ஒரு முனை கல்லிலும் மறுமுனை மண்ணிலுமாக உட்கார்ந்திருந்தது எங்கள் பாலம். நமது மலைகளில் இது நிறையவே உண்டு. அதனால் இரண்டு முனையிலும் நடுவிலும் சோதனைக் குழி போடுங்கள், மூன்று குழியிலும் ஒரே மாதிரி மண் வருகிறதா பாருங்கள். கல் தட்டினால் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பக்கவாட்டிலும் தோண்டிப் பார்க்க வேண்டும். அத்திவாரத்தைத் தனித்தனித் தூண்களாகப் போடாமல், எல்லா லோட் செல்லும் ஒரே கம்பிக்கட்டுக் கொங்கிரீட் அடித்தளத்தில் நிற்கும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் இறங்கினாலும் எல்லாம் சேர்ந்தே இறங்கும்.

மேல்பக்கம் என்றதும் மண்சுவர் சரிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்த எவருக்கும் வெட்டிய சுவரின் கீழ் எதையாவது கட்டப் பயம் வரும். நுவரெலியா மாவட்டத்தில் மண் வெட்டிக் கட்டும் வேலைகளுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டை எடுங்கள். பிரதேச சபை அனுமதிக்குப் போகும்போது எப்படியும் அது தேவைப்படும். சுவரின் அடியை மேலும் வெட்டி இடம் பிடிக்க வேண்டாம், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். தண்ணீர் வடியச் சுவரின் தலைப்பில் ஒரு கான், அடியில் ஒரு கான். கான் வெட்டுவது எப்படி என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் யோசியுங்கள். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயமோ பாதையோ இருந்தால் சரிவில் திறந்துவிடாதீர்கள், குழாய் போட்டு ஏற்கனவே ஓடும் ஓடையிலோ பெரிய கானிலோ சேருங்கள்.

கேட்டை விட்டு உள்ளே தள்ளுவதில் இன்னொரு நன்மை உண்டு. காலையில் ஐந்து லொறி ஒன்றாக வந்தால் வரிசை யாட்டுக்குள் நிற்கும், பெருந்தெருவில் நிற்காது.

இனி அளவு. பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்று முதலாளி நினைக்கிறார். எடைக் கருவியில் பெரிதாக வாங்கினால் நுணுக்கம் போய்விடும். 60 தொன் பாலம் பெரும்பாலும் 20 கிலோ படியில்தான், அதாவது இருபது இருபது கிலோவாகத்தான், எடை காட்டும். 12,340 என்ற எடை வரும், 12,350 வராது. சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் 76 ஆம் பரிந்துரைப்படி இந்த வகைக் கருவிக்குக் குறைந்தபட்ச எடை, படியின் 20 மடங்கு. அதாவது 400 கிலோவுக்குக் கீழே அதில் நிறுக்கவே கூடாது. பிழை வரம்பும் படியோடு சேர்ந்தே ஏறும். 15 தொன் சுமைக்கு, அரசாங்க அதிகாரிகள் சரிபார்த்துப் புதிதாக முத்திரை வைக்கும்போது ஒரு படி, பாவனையில் இருக்கும்போது இரண்டு படி வரை கூடக் குறைய இருக்கலாம். 20 கிலோ படி என்றால் பாவனையில் 40 கிலோ.

உங்கள் 60 கிலோ சண்டைக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. ஒரு பாலம் 30 கிலோ கூட்டி, மற்றது 30 கிலோ குறைத்துக் காட்டினாலும் இரண்டுமே வரம்புக்குள் இருக்கும். யாரும் களவு செய்திருக்க வேண்டியதில்லை. இதை விறகுக்காரர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்களிடம் வருவதில் மிகப் பெரியது பத்துச் சக்கர உர லொறி என்று வைத்துக்கொள்கிறேன், நாற்பது அடிக் கொள்கலன் வண்டி உங்கள் பாதையில் திரும்பாது. பத்துச் சக்கர லொறியின் முன் அச்சிலிருந்து கடைசி அச்சு வரை பெரும்பாலும் 7 மீற்றர் அளவில்தான் வரும். 12 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம் தாராளம். 9 மீற்றரிலும் நிற்கும், ஆனால் டிரைவர் முன்னே பின்னே என்று தடுமாறி நேரம் போகும். கொள்ளளவு 40 தொன் போதும். 30 தொன் வரை 10 கிலோ படி, அதற்கு மேல் 20 கிலோ படி என்று இரண்டு வீச்சில் காட்டும் வகையைக் கேளுங்கள். நீளத்தைக் குறைத்து, லொறியின் முன்பாதியை ஒரு தடவை, பின்பாதியை ஒரு தடவை நிறுத்துக் கூட்டலாம் என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ச் சரிவில் பிரேக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து எடையை அச்சுக்கு அச்சு மாற்றிப் போட்டுவிடும்.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழும்பிலிருந்து கினிகத்தேனை வழியாகவோ, ரம்பொடை வளைவுகள் வழியாகவோதான் அந்த இரும்பு உங்களிடம் வர வேண்டும். 12 மீற்றர் தளத்தை ஒரே துண்டாக ஏற்றினால் கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொள்ளும். 6 மீற்றராக இரண்டு துண்டு என்று கொள்முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். அதை இறக்கும் கிரேன் எந்த வீதிப் பாலத்தைக் கடந்து வரும், அந்தப் பாலம் அதைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

குழியா, தரைக்கு மேலா? குழியில் வைத்தால் தளம் தரைமட்டத்தில் இருக்கும், சரிவுப்பாதை கட்ட வேண்டாம், இடம் மிச்சம். சமவெளியில் குழிக்குள் சேரும் தண்ணீரை இறைக்கப் பம்பு வேண்டும். நமக்கு மலையே பம்பு. குழியின் அடியிலிருந்து கீழ்ப்பக்கமாக ஒரு குழாய் போட்டால் தானாக வடிந்துவிடும். இட நெருக்கடி உள்ள யாட்டுக்கு நான் குழியைத்தான் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். உங்களிடம் வருவது விறகு. பட்டை, தும்பு, டயரோடு வரும் களிமண் எல்லாம் தளத்தின் இடுக்கு வழியாகக் குழிக்குள் விழும். குழாய் அடைபடும், லோட் செல்லைச் சுற்றிச் சேறு இறுகும், ஒருநாள் பூச்சியத்துக்கே வராது. யாராவது உள்ளே இறங்கி வாரி எடுக்க வேண்டும். அந்த வேலை இரண்டு மாதம் நடக்கும், அப்புறம் நடக்காது. தரைக்கு மேலே வைத்தால் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், அடியில் என்ன நடக்கிறது என்று குனிந்தாலே தெரியும்.

அதற்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தளம் தரையிலிருந்து 40 சென்றிமீற்றர் உயரம் என்றால், பத்துக்கு ஒன்று சரிவில் ஏற 4 மீற்றர் வேண்டும். ஏறியதும் தளத்தில் கால் வைக்கும் முன் 3 மீற்றராவது சமதரை, கட்டாயமாகக் கொங்கிரீட்டில். ஒரு பக்கத்துக்கு 7, இரண்டு பக்கமும் 14, நடுவே 12, மொத்தம் 26 மீற்றர். லொறி நேராகி வர இரு முனையிலும் ஒரு லொறி நீளம் விட்டாலும் உங்கள் 55 மீற்றரில் அடங்கும். அந்த 3 மீற்றர் சமதரையைச் செலவு மிச்சம் என்று வெட்ட விடாதீர்கள். சரிவில் இறங்கிவந்து தளத்திலேயே பிரேக் போடும் லொறி ஒவ்வொரு தடவையும் தளத்தை உதைக்கும், அந்த உதை போய்ச் சேர்வது லோட் செல்லில்தான். ஏறும் கொங்கிரீட்டில் குறுக்குக் கோடு இழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள். மழையில் வெறும் கொங்கிரீட்டில் சேற்று டயர் ஏறாது. ஏறும் முன் டயரைக் கழுவ ஒரு சிறிய இடமும் குழாயும் இருந்தால் இன்னும் நல்லது.

மழையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தளத்தின் பரப்பு 36 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் 36 கிலோ. லொறியை மூடும் ஈரப் படங்கின் கதையும் அதுதான். வரும்போது நனைந்து கனத்த படங்கு, வெற்று லொறியை நிறுக்கும்போது கழற்றி வைத்த படங்கு என்றால் அந்த எடை முழுவதும் விறகின் கணக்கில் ஏறிவிடும். டிரைவரும் கிளீனரும் உள்ளேயா வெளியேயா என்பதும் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு லொறிக்கு முன்னும் திரை பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

கருவியைச் சரிபார்த்து முத்திரை வைப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படும் தராசு முத்திரை இல்லாமல் இயங்கக் கூடாது. வாங்கிய பிறகு அவர்களிடம் போகாதீர்கள், வாங்கும் முன் போங்கள். இந்த மாதிரிக் கருவிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, அதைத் திணைக்களத்தில் காட்டுங்கள்.

கொழும்பிலேயே சரிபார்த்து அனுப்புகிறோம், இங்கே பொருத்தினால் போதும் என்று விற்பவர் சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டாம். உயரம் ஏற ஏறப் புவியீர்ப்பு குறைகிறது. லோட் செல் உணர்வது அந்த இழுப்பைத்தான். கடற்கரையில் சரியாகக் காட்டிய அதே கருவி, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 20 தொன்னுக்கு ஏறக்குறைய 8 முதல் 12 கிலோ வரை குறைத்துக் காட்டும். 1,200 மீற்றர் அளவிலுள்ள உங்கள் பக்கத்தில் 5 முதல் 7 கிலோ. சின்ன எண்தான், ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகக் குறையும், அதுவும் விறகு கொண்டுவருகிறவருக்கும் கொழுந்து கொடுக்கிறவருக்கும்தான் குறையும். ஆகவே எடைக்கற்களை உங்கள் யாட்டுக்கே கொண்டுவந்து, அந்த இடத்தில் வைத்துத்தான் சீராக்க வேண்டும். அன்றைக்கே ஏற்றிய லொறி ஒன்றை முன் முனை, நடு, பின் முனை என்று நிறுத்தி, பிறகு திருப்பி எதிர்ப்பக்கமாக ஏற்றியும் பாருங்கள்.

இந்தக் கிலோக் கணக்கில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள் நிற்கும் முன்பே எண்ணைச் சொல்லி, கூடைக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கழித்து எழுதுவார்கள். அம்மாவுக்கு அந்த முள் நிற்கும் இடத்தை ஒருநாளும் பார்க்கக் கிடைத்ததில்லை. அதனால் கேட்கிறேன்: எடை காட்டும் திரை அலுவலகத்துக்குள் மட்டும் இருக்க வேண்டாம். டிரைவர் இருக்கையிலிருந்து தெரியும்படி வெளியே ஒரு பெரிய திரை வையுங்கள். துண்டில் மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை, நேரம் எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். ஒரு பிரதி கொண்டுவந்தவர் கையில் போகட்டும். ஈரத்துக்குக் கழிக்க வேண்டியிருந்தால் அது தனி வரியாக, எவ்வளவு என்று அச்சில் வர வேண்டும். பச்சை விறகில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சபுக்கு மரமோ யூகலிப்டஸோ, வெட்டி எத்தனை வாரம் என்று பேசாமல் எடைக்கு மட்டும் விலை பேசினால், எவ்வளவு நல்ல எடைப்பாலம் இருந்தாலும் அந்தச் சண்டை தீராது.

மின்னல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு லோட் செல்லையும் தாண்டிச் செம்புப் பட்டியால் தளத்தை அத்திவார மண்ணிணைப்போடு சேர்க்க வேண்டும். மண்ணிணைப்பின் தடை 5 ஓமுக்குக் கீழே வரட்டும். கம்பிகள் எல்லாம் குழாய்க்குள், எலி நுழையாதபடி. தளத்தின் மேலோ அதை ஒட்டியோ எவரும் வெல்டிங் செய்யக்கூடாது என்று பெரிதாக எழுதி வையுங்கள். வெல்டிங் மின்சாரம் லோட் செல் வழியாக ஓடினால் ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விடும்.

யாட்டை நிறுத்தாமல் கட்ட முடியும். மேல்பக்கத்துக்கு மாறியதில் அதுவும் சுலபமாகிறது, ஏனென்றால் லொறிகள் கீழ்ப்பக்கமாகப் போய்வந்துகொண்டே இருக்கலாம். நடுவே தகரவேலி போடுங்கள். தோண்டிய விளிம்புக்குப் பக்கத்தில் ஏற்றிய லொறி போகாதபடி, ஆழத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி வேலி நிற்கட்டும். தொடங்கும் காலம் தைப்பொங்கல் முடிந்ததும். உங்கள் பக்கத்தில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும் முன் முடித்துவிடலாம். முதலில் கான், பிறகுதான் அத்திவாரம். கொங்கிரீட் போட்டு ஏழு நாளில் தளத்தை ஏற்ற அவசரப்படுவார்கள். இரவுக் குளிரில் நம் பக்கம் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், நனைத்த சாக்கு போர்த்தி மூன்று வாரமாவது விடுங்கள், முழுப் பலத்துக்கு 28 நாள். தளத்தை இறக்கும் ஒரு நாள்தான் யாட்டை மூட வேண்டியிருக்கும். அதைப் போயா விடுமுறை நாளில் வைத்தால் அந்த ஒரு நாளும் மிச்சம். முத்திரை விழுந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லொறியைப் பழைய இடத்திலும் நிறுத்து, இரண்டு துண்டையும் சேர்த்து வையுங்கள். விறகுக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் துண்டுகளை அவர்களுக்கே காட்டலாம்.

மேடைத் தராசை விற்க வேண்டாம். 10 கிலோ படியில் காட்டும் பாலத்தில் 200 கிலோவுக்குக் குறைந்த எதையும் நிறுக்க முடியாது, சிறு தோட்டக்காரர் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவரும் நான்கு சாக்குக் கொழுந்துக்கு அந்தப் பழைய தராசுதான் சரி. அதற்கும் முத்திரைக் காலம் முடிந்திருந்தால், பாலத்துக்கு அதிகாரிகள் வரும் அதே நாளில் அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.